வீட்ல எலக்ட்ரிக் கிட்டார் செய்யலாமா? மரத்துக்கு முன்னாடி ஸ்கேலைப் பாருங்க

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, அப்பார்ட்மெண்ட் பால்கனில எலக்ட்ரிக் கிட்டார் செய்ய முடியுமா?" முடியும். நான் செஞ்சது பால்கனில கூட இல்ல, மொட்டை மாடில, தண்ணி டேங்க் நிழல்ல.

இதுக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கார். க்வீன் பேண்டோட பிரையன் மே. 1963 ஆகஸ்ட்ல, அவருக்கு 16 வயசு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கக் காசு இல்ல. அவரும் எலக்ட்ரானிக்ஸ்ல கைதேர்ந்த அவரோட அப்பா ஹெரால்டும் லண்டன் வீட்லயே ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. நெக், அதாவது கழுத்துப் பகுதி, பழைய நெருப்புக்கூண்டு மேல இருந்த மஹோகனி பலகை. அதுல புழு அரிச்ச ஓட்டைங்களத் தீக்குச்சி வச்சு அடைச்சாங்க. ஃப்ரெட்போர்டுல இருக்கிற வெள்ளைப் புள்ளிங்க அம்மாவோட தையல் பெட்டில இருந்து வந்த முத்துச்சிப்பி பட்டன். ட்ரெமோலோவுக்கு ஒரு பழைய மோட்டார் பைக்கோட வால்வு ஸ்ப்ரிங். 'ரெட் ஸ்பெஷல்'னு பேர் வாங்கின அந்த கிட்டாரோடதான் 2002-ல பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடில நின்னு வாசிச்சார். (மொட்டை மாடிக்கும் கிட்டாருக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் போல.)

இந்தக் கதையக் கேட்டதும் எல்லாரும் அடுத்துக் கேக்கறது, "என்ன மரம் போடணும்?" என் கருத்து: எலக்ட்ரிக்ல உடம்பு மரத்தப் பத்தி இவ்வளவு சண்டை தேவையில்ல. பிக்கப் கேக்கறது கம்பியோட அசைவைத்தான். காந்தத்தச் சுத்தி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருக்கும், மேல இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், காயில்ல மின்னழுத்தம் வரும். அவ்வளவுதான். 1940-கள் ஆரம்பத்துல லெஸ் பால் ஒரு பைன் கட்டைல கம்பி கட்டி வாசிச்சார். பாக்க கிட்டார் மாதிரி இல்லையேன்னு, சாதாரண கிட்டார் ஒண்ண ரெண்டாப் பொளந்து ரெண்டு பக்கமும் ஒட்டினார். சத்தத்துக்காக இல்ல, பாக்கறவங்களுக்காக.

ஆனா நெக் மரம் வேற கதை. ஆறு கம்பியும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல இழுக்கும், ராத்திரி பகலா. நல்லாக் காயாத மரம் வில்லு மாதிரி வளைஞ்சிடும். அதத் திருப்பி நேராக்கத்தான் உள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு ஸ்டீல் கம்பி. ஃப்ரெட்போர்டுக்கு உலகமே தேடற மரங்கள்ல ஒண்ணு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கிற ஈட்டி மரம், தோதகத்தின்னும் சொல்வாங்க. ஆனா அத இஷ்டத்துக்கு வெட்டாம இருக்க தமிழ்நாட்ல 1990-கள்லயே தனிச் சட்டம் போட்டாங்க. ரசீது குடுக்கிற கடைல மட்டும் வாங்குங்க. இழைக்கும்போது மாஸ்க் கண்டிப்பா போடுங்க, அந்தத் தூசி தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஃப்ரெட் எங்க வரணும்?

வீணைல மெட்டு மெழுகுல உக்காந்திருக்கும். சுருதி தப்பினா மெழுக இளக்கி, காதால கேட்டு நகர்த்தி வைக்கலாம். கிட்டார்ல அந்த வசதி கிடையாது. ரம்பத்தால கீறி, சுத்தியால அடிச்சு இறக்கியாச்சுன்னா முடிஞ்சது. அதனால கணக்கு முதல்ல, ரம்பம் அப்புறம்.

ஒரு ஆக்டேவ்ல 12 படி. ஒவ்வொரு படிக்கும் கம்பியோட நீளம் 2-ன் 12-ஆம் மூலத்தால, அதாவது 1.05946-ஆல வகுபடணும். ஃபெண்டர் பாணி ஸ்கேல் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல வகுத்தா 36.37. முதல் ஃப்ரெட் அங்க. மிச்சம் 611.63, அதையும் 17.817-ஆல வகுத்தா 34.33. இப்படியே போனா 12-வது ஃப்ரெட் சரியா நடுவுல, 324-ல வந்து நிக்கும். நிக்கலன்னா கணக்கு தப்பு. இதுதான் உங்க யூனிட் டெஸ்ட்.

கலிலியோவோட அப்பா வின்சென்சோ கலிலி 1581-லயே லூட் வாத்தியத்துக்கு 18-ஆல வகுக்கச் சொன்னார். நம்ம 648-ல அதப் போட்டா 12-வது ஃப்ரெட் 2 மில்லிமீட்டருக்கு மேல தள்ளிப் போகும். அந்தக் காலத்துல கால்குலேட்டர் இல்லாம இது பெரிய விஷயம். இன்னிக்கு நாம 18 போடக் காரணமே இல்ல.

குறிக்கும்போது ஒண்ணு மறக்காதீங்க: ஒரு ஃப்ரெட்ல இருந்து அடுத்த ஃப்ரெட்ட அளக்காதீங்க. எல்லாத்தையும் நட்ல இருந்தே அளங்க. கோட் எழுதறவங்களுக்கு உடனே புரியும், ரவுண்டிங் எர்ரர் லூப்ல சேர்ந்துக்கிட்டே போற அதே பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா கால் மில்லிமீட்டர் தள்ளினா 20-வது ஃப்ரெட்ல 5 மில்லிமீட்டர் போச்சு. அங்க ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல இருக்கறதே 12 மில்லிமீட்டர்தான்.

அதான் முதல் கிட்டாருக்கு நெக்க வாங்கிடுங்கன்னு சொல்றேன். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் பண்ணவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். நெக்கப் பசை போட்டு ஒட்டாம ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நமக்கு அது வரம். உடம்பும் வயரிங்கும் நம்ம வேலை, கழுத்து கடைல இருந்து.

வாங்கின நெக்குக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு, பிரிட்ஜ் எங்க வைக்கறதுன்னு. நட்ல இருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து ரெண்டால பெருக்குங்க. மெல்லிய கம்பியோட சாடில் ஏறக்குறைய அங்க வரணும். தடிச்ச கம்பிக்கு இன்னும் 2, 3 மில்லிமீட்டர் பின்னால போகணும், ஏன்னா விரலால அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறும். அதனால பிரிட்ஜ ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி மெல்லிய கம்பி சாடில முன்னுக்குத் தள்ளி வச்சுக்கோங்க. பின்னால நகர்த்த இடம் மிச்சம் இருக்கும். பிரிட்ஜுக்கு ஓட்டை போடறது கடைசி வேலையா இருக்கட்டும். நெக்க மாட்டி, ரெண்டு ஓரக் கம்பியையும் கட்டி, அது ஃப்ரெட்போர்டோட ரெண்டு பக்கமும் சமமா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் ட்ரில்ல எடுங்க.

வயரிங் லேசு. ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். சிங்கிள் காயில்னா 250 கிலோ ஓம், ஹம்பக்கர்னா 500. பிரிட்ஜுக்கு ஒரு கிரவுண்ட் வயர் போகும், அது இல்லன்னா ஒரே இரைச்சல். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த வயர் வழியா உங்க கையில இருக்கிற கம்பிக்கும் ஆம்ப்ளிஃபையரோட உலோகப் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு. ஆம்ப்ல கோளாறு இருந்து, வீட்ல எர்த்தும் இல்லன்னா, கரண்ட் உங்க வழியாத்தான் போகும். மூணு முள் ப்ளக்க ரெண்டு முள் அடாப்டர்ல சொருகற வேலையே வேண்டாம். ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு அந்த பாயிண்ட்ல எர்த் வருதான்னு செக் பண்ணிட்டு முதல் ஸ்ட்ரம் அடிங்க.

பிக்கப்ப வீட்லயே சுத்தலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தையல் மெஷின் மோட்டார வச்சு சுத்தற விதத்த அடுத்த எபிசோட்ல பேசுவோம்.