பொருளின் ஆயுளும் கடனின் ஆயுளும்

நல்ல மரத்தால் அமைந்த கைத்தறி ஒன்றில் தந்தைக்குப் பின் மகனும், மகனுக்குப் பின் பேரனும் நெய்யலாம். அத்தறி பழுதுபடுவதே இல்லை என்பது இதன் பொருளாகாது. நாடா தேய்கிறது, விழுது அறுகிறது, அச்சின் பற்கள் வளைகின்றன, மிதிபலகையின் கயிறு இற்றுப் போகிறது. ஆனால் எது கெட்டதோ அதை மட்டும் கழற்றி, வேறொன்றை மாட்டி, அன்று மாலைக்குள்ளேயே நெசவைத் தொடர்ந்துவிடலாம். கலப்பையும் அவ்வாறே. கொழு தேய்ந்தால் கொல்லன் பட்டறைக்குக் கொழு மட்டுமே போகிறது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் புதிதாகச் சுற்றிக் கட்டிக் கொண்டு வருகிறோம். மோட்டாரைக் குப்பையில் எறிவதில்லை. ஆகவே, பழுது பார்த்துப் பயன்படுத்துதல் என்பது நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஒருவர் வந்து கற்பிக்க வேண்டிய பாடமில்லை.

எனினும், அடுக்களைக்குள் வந்து சேர்ந்துள்ள புதிய சாதனங்களைப் பொறுத்தவரை இப்பாடத்தை நாம் மறந்துவிட்டோம். அம்மறதியின் விலை யாது என்பதைச் சென்ற ஆண்டுத் தணிக்கையின்போது ஒரு சங்கத்தில் நேரிற் கண்டோம்.

அச்சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு மிக்ஸி, மின்விசிறி முதலிய வீட்டு உபயோகப் பொருள்களை 24 மாதத் தவணையில் வழங்கியிருந்தது. பேரேடு, ரசீது, கடன் பத்திரம் யாவும் ஒழுங்காகவே இருந்தன. ஒரு தவணையும் தவறாத நெசவாளர் அம்மையார் ஒருவரின் வீட்டுக்குச் சரிபார்ப்புக்காகச் சென்றோம். தறிக்குழியின் ஓரத்தில், சாக்கினால் மூடப்பட்டு, அந்த மிக்ஸி கிடந்தது. வாங்கிய 15-ஆம் மாதத்தில் அது நின்றுவிட்டதாம். உத்தரவாதமோ ஓராண்டோடு முடிந்திருந்தது. கடைக்குக் கொண்டு சென்றபோது, “இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் வருவதில்லை, அடிப்பாகத்தைத் திறக்கவும் முடியாது, புதிது வாங்கிக் கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவர் செலுத்த வேண்டிய தவணைகள் இன்னும் 9 இருந்தன.

“தவணையை மிக்ஸிக்குக் கட்டுகிறேன் ஐயா, சட்னியை அம்மியில்தான் அரைக்கிறேன்” என்றார் அந்த அம்மையார். அவர் குறையாக இதைக் கூறவில்லை. கேட்டதற்கு விடையாகவே கூறினார். அதற்கு முந்திய ஆண்டில் அதே கணக்கைப் பார்த்து, ‘ஒழுங்காக உள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிட்டவர்கள் நாமேதாம். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. கணக்கில் எழுதப்பட்ட பொருள் ஓடுகிறதா என்று நாமும் கேட்கவில்லை, நிர்வாகக் குழுவினரும் கேட்கவில்லை.

ஒரு பொருள் இவ்வாறு விரைவிற் பயனற்றுப் போவது எப்போதும் தற்செயலாக நிகழ்வதன்று. வாங்கியவர் மீண்டும் கடைக்கு வரவேண்டும் என்னும் நோக்கத்தோடு பொருளின் ஆயுளை முன்கூட்டியே குறுக்கி அமைக்கும் வழக்கம் தொழில் உலகில் உண்டு. இதனைத் திட்டமிட்ட ஆயுட்குறைப்பு எனலாம். இது நான்கு வழிகளில் நிகழ்கிறது.

முதலாவது, அதிகம் உழைக்க வேண்டிய இடத்தில் உறுதியற்ற பாகத்தை வைப்பது. பல்சக்கரம் உலோகமாக இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக்காக இருப்பது இவ்வகையைச் சேரும். இரண்டாவது, திறக்க இயலாதபடி மூடிவிடுவது. திருகாணிக்குப் பதில் பசை. சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத விசித்திரமான திருகாணித் தலை. இவையெல்லாம் பழுது பார்ப்பவரை வாசலிலேயே நிறுத்தும் பூட்டுகளாகும். மூன்றாவது, உதிரிப் பாகங்களை வழங்காமல் நிறுத்துவது, அல்லது புதுப் பொருளின் விலைக்கு அருகில் அவற்றின் விலையை ஏற்றிவிடுவது. நான்காவது, நன்றாக உழைத்துக் கொண்டிருக்கும் பொருளையே பழையது என்று எண்ணச் செய்வது. ஆண்டுதோறும் மோட்டார் வண்டியின் உருவத்தை மாற்றும் வழக்கத்தை 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வளர்த்தது இந்நான்காம் வகைக்கு உதாரணமாகும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதி குறைந்த பாகம் யாவும் வஞ்சனை ஆகா. மிக்ஸியின் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் என்னும் சிறு பாகம் நைலானாலோ ரப்பராலோ செய்யப்படுகிறது. பிளேடு சிக்கிக் கொள்ளும்போது கப்ளர் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. மலிவான பாகம் கெட்டு விலை மிகுந்த பாகம் பிழைப்பது நல்ல அமைப்பேயாகும். அம்மலிவான பாகம் கடையில் கிடைக்க வேண்டும், அதை நாமே மாட்டவும் முடிய வேண்டும் என்பதே நிபந்தனை.

ஆயுளைக் குறுக்குவது வெறும் ஐயமா, உண்மையில் நடந்ததா என்று சிலர் கேட்கக்கூடும். நடந்தது. அதற்குச் சான்று நாம் அனைவரும் அறிந்த குண்டு பல்பின் சரித்திரமாகும்.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் கூடினர். ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்சின் பல்பு நிறுவனம், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சார்பு நிறுவனங்கள் முதலியன அதில் சேர்ந்தன. ஃபீபஸ் என்பது அக்கூட்டணியின் பெயர். எந்த நாட்டுச் சந்தை யாருக்கு, எவ்வளவு விற்கலாம் என்பவற்றைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அக்காலத்தில் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்து வந்த பல்பின் ஆயுள் 1,000 மணி நேரமாக இருக்க வேண்டும் என்றும் விதித்தனர். ஒவ்வொரு தொழிற்சாலையின் மாதிரி பல்புகளும் சோதனைக்கூடத்தில் எரித்துப் பார்க்கப்பட்டன. விதித்த கெடுவைக் கடந்து பல்பு எரிந்தால், அதைச் செய்த நிறுவனம் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. நன்றாக உழைத்ததற்கு அபராதம்!

அவர்கள் கூறிய சமாதானத்தையும் அறிவது முறை. பல்பினுள் இருக்கும் டங்ஸ்டன் இழையை மிகுதியாகச் சூடேற்றினால் அதே மின்சாரத்துக்கு அதிக வெளிச்சம் கிடைக்கும். ஆனால் இழை விரைவில் மெலிந்து அறுந்துவிடும். ஆகவே ஆயுளைக் குறைத்தது வெளிச்சத்தின் பொருட்டே என்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. 1951-இல் இவ்விஷயத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் விசாரணைக் குழுவும், எல்லா உபயோகத்துக்கும் பொருந்தும் ஒரே சரியான ஆயுள் என்று எதுவும் இல்லை என ஒப்புக்கொண்டது. ஆயினும், நீண்ட ஆயுள் வேண்டுமா, மிகுந்த வெளிச்சம் வேண்டுமா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு அல்லவா உரியது? அவ்வுரிமையை விற்பவர்கள் கூடிப் பறித்துக் கொண்டனர் என்பதே குற்றம்.

இவ்வரலாற்றின் அடுத்த பகுதியே கூட்டுறவாளர்களாகிய நமக்கு முக்கியமானது. வடக்கு ஐரோப்பாவில் ஸ்வீடன் என்னும் சிறிய தேசத்தில், நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து 1899-இல் அமைத்த பேரிணையம் ஒன்று இருந்தது. பல்பின் விலை மிகுதியாக இருப்பதைக் கண்ட அவ்விணையம் வேண்டுகோள் விடுத்துக் கொண்டிருக்கவில்லை. தானே பல்புத் தொழிற்சாலை ஒன்றை அமைக்க முனைந்தது. தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தி பரவியதுமே சந்தையில் விலை இறங்கலாயிற்று. 1931-இல் ஸ்டாக்ஹோம் நகரில் லூமா என்ற பெயரில் உற்பத்தி தொடங்கிய பின் மேலும் இறங்கியது. பக்கத்து நாடுகளின் கூட்டுறவு இணையங்களும் அதில் பங்கு சேர்ந்தன. 1938-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலும் கூட்டுறவாளர்கள் ஒரு லூமா தொழிற்சாலையைக் கண்டனர். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தோடு ஃபீபஸ் கூட்டணி குலைந்து போயிற்று. தனித்தனியே கடைக்குச் சென்று கேட்டால் கிடைக்காத விடை, சங்கமாகச் சேர்ந்து கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பது இதனால் விளங்கும்.

நம் கிராமச் சங்கம் மிக்ஸித் தொழிற்சாலை கட்ட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நூறு அங்கத்தினருக்காக ஒரே நாளில் வாங்கும் சங்கம், கேள்வி கேட்கும் வலிமை உடையது. அவ்வலிமையை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே வினா.

அரசாங்கங்களும் இப்பொழுது விழித்துக் கொண்டிருக்கின்றன. பிரான்சு தேசம் 2015-இல் திட்டமிட்ட ஆயுட்குறைப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2021 ஜனவரி முதல், கைப்பேசி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் முதலியவற்றின் மீது, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று குறிக்கும் ஏற்பாட்டையும் அங்கே தொடங்கினர். நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைப்பேசி முதலியவை, வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்ற நான்கு துறைகள் அதில் எடுத்துக் கொள்ளப்பட்டன. பொருளில் குறை இருந்து விற்றவர் செவி சாய்க்காவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை நாடலாம்; 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். ரசீதும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக இருத்தல் அவசியம்.

சட்டம் வந்து சேரும்வரை சங்கங்கள் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. பொருள் வாங்கும் முன் நிர்வாகக் குழுவினர் விற்பனையாளரிடம் பின்வரும் ஐந்து கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும்.

1. சாதாரணத் திருப்புளி கொண்டு இதைத் திறக்க இயலுமா?

2. உதிரிப் பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்?

3. அடிக்கடி மாற்ற வேண்டிய பாகங்களின் இன்றைய விலை என்ன?

4. நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்துக்குள் இதைப் பழுது பார்ப்பவர் யார்?

5. உத்தரவாதம் முழுப் பொருளுக்கா, மோட்டாருக்கு மட்டுமா? எத்தனை மாதத்துக்கு?

ஐந்தாவது கேள்வியைக் கடனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் தவணை முடியுமாறு கடனைக் குறுக்க வேண்டும். அன்றேல், தவணை முடியும்வரை உத்தரவாதத்தை நீட்டித் தரும் விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது மாட்டின் வயதைப் பார்க்கிறோம். மிக்ஸிக்கு மட்டும் ஏன் பார்க்கலாகாது?

இனி அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில. மிக்ஸி திடீரென நின்றால் மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் ஒரு சிறு பொத்தான் உண்டு. சுமை மிகும்போது அது வெளியே தள்ளப்பட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரம் ஆறியபின் அப்பொத்தானை அழுத்தினால் பல வேளைகளில் மிக்ஸி மீண்டும் ஓடும். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் கெட்டிருப்பது கண்டன்சர் என்னும் விலை குறைந்த பாகமே. மின்பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் மாற்றித் தருவார். எல்.இ.டி. பல்பு அணைந்தாலும், ஒளி தரும் பகுதி கெடாமல், அதனுள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு பலகை மட்டுமே கெட்டிருப்பது வழக்கம். அதை மாற்றித் தருபவர்கள் நம் நகரங்களில் இருக்கின்றனர்.

சங்கம் ஒரு சிறு பெட்டியில் கப்ளர், கார்பன், ஜார் வாஷர், கண்டன்சர் ஆகியவற்றை வாங்கி வைத்து அடக்க விலைக்கு அங்கத்தினருக்குக் கொடுக்கலாம். அங்கத்தினர் குடும்பங்களில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் இருப்பின், மாதத்தில் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து பழுது பார்க்க அவருக்கு இடம் தரலாம். இதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. ஒரு மேசையும் ஒரு தீர்மானமும் போதும்.

மேலே கூறிய சங்கத்தின் பொதுக்குழு, தவணையும் உத்தரவாதமும் ஒரே காலத்தில் முடியவேண்டும் என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. அக்கூட்டத்தில் முதலில் கை உயர்த்தியவர் அந்த நெசவாளர் அம்மையார். அவருடைய கடைசித் தவணையும் இப்போது செலுத்தப்பட்டுவிட்டது. கணக்கு தீர்ந்தது; மிக்ஸி இன்னும் சாக்கின் அடியில்தான் இருக்கிறது. அடுத்த தணிக்கைக்கு எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும், பேரேட்டைப் புரட்டும் முன், கடனில் வாங்கிய பொருள் ஓடுகிறதா என்று கேட்பது என நாமும் முடிவு செய்திருக்கிறோம். அங்கத்தினர்களும் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியைக் கேட்பார்களாக.