சும்மா இருக்கத் தெரியாத ஜிப்ஸி!

ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருப்பது நமக்கெல்லாம் கைவந்த கலை. ஆனால், ஒரு இன்ஜினுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை எது தெரியுமோ? அதே சும்மா இருப்பதுதான்! ஆக்ஸிலேட்டரில் கால் படாமல், நிமிஷத்துக்குச் சுமார் 800, 900 சுற்று வீதம் 'குடுகுடு'வென்று அடக்கமாக ஓடவேண்டும். மெக்கானிக் பாஷையில் இதற்குப் பெயர் 'ஸ்லோ நிக்கறது'. தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி முதலில் மறந்துபோவது இந்த வித்தையைத்தான்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தெருவில் மற்ற கார்களெல்லாம் நீச்சல் பழகிக்கொண்டிருந்தபோது, என் நண்பனின் பழைய கார்ப்பரேட்டர் மாடல் மாருதி ஜிப்ஸி மட்டும் படகு சர்வீஸ் நடத்தியது. பக்கத்து வீட்டு மாமிக்கு வாரம் இரண்டு முறை டயாலிஸிஸ். பம்பர் உயரத் தண்ணீரில் மெதுவாக உருட்டி, மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தும் விட்டான்.

மறுநாள் காலை தகராறு. ஸ்டார்ட் ஆகிறது, காலை எடுத்தால் பொசுக்கென்று அணைகிறது.

"மச்சி, நாளன்னிக்கு மறுபடியும் மாமியைக் கூட்டிட்டுப் போகணும்டா. நடுத் தண்ணியில நின்னா என்ன பண்றது?" என்றான் நண்பன், முகம் வெளுத்து.

ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார். மூடினார். "கார்ப்பரேட்டரையே மாத்தணும் சார்" என்று ஒரு தொகை சொன்னார். அது என் ஒரு மாச சம்பளம்! பி.காம். படித்தவன் நான். வவுச்சர் இல்லாத செலவை எப்படிப் பாஸ் பண்ணுவது? இன்னொரு தெருவிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம்.

அவர் முதலில் இழுத்தது ஆயில் குச்சியை. "ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம் தம்பி. அப்ப ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது." ஆயில் ஆயிலாகவே இருந்தது. அடுத்து ஏர் ஃபில்டர். ஈரத்தில் ஊறியிருந்தது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கணக்கு இடிக்கும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இன்ஜினும் ஒரு பேலன்ஸ் ஷீட்தான் ஸார்! புது ஃபில்டர் போட்டோம்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளே வியர்த்துக் கிடந்தது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே குறுக்குப் பாதையில் நழுவிவிடும். துணியால் துடைத்து, பிளக் ஒயர்களையும் உலர்த்தினார். வண்டி இழுக்கும்போது முக்குவது நின்றது. ஆனால் ஸ்லோ? ம்ஹூம்!

கார்ப்பரேட்டரின் ஐடில் வால்வுக்கு வரும் ஒயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்துவிட்டுத் தொட்டார். 'டிக்'. "இது உயிரோட இருக்கு." அந்தச் சத்தம் வராவிட்டால், சும்மா ஓடுவதற்கான பெட்ரோல் வழியே திறக்காதாம். ரப்பர் குழாய்கள் எதுவும் கழன்று திருட்டுக் காற்று இழுக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை.

கடைசியில் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணத்திலிருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். இரண்டே நிமிஷம். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது! பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில்தான் தங்கும். டேங்க்குக்குப் போகும் பழைய ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. அங்கேதான் புகுந்திருக்கிறது.

"அப்ப வேகமா ஓட்டினா மட்டும் எப்படிண்ணே ஓடுது?" என்றேன்.

"வேகத்துக்கு இருக்கற ஜெட் பெரிய வாசல் தம்பி. துளித் தண்ணியையும் சேர்த்து இழுத்துத் துப்பிடும். ஸ்லோவுக்கு இருக்கறது ஊசிக்காது. ஒரு துளி வந்து குந்திக்கிட்டா, கதவை அடைச்ச மாதிரி."

டேங்க்கை வடித்து, குழாயையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றி, ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். நான் உதவிக்குக் கம்பி எடுத்துக் கொடுத்தேன். முறைத்தார். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் பெட்ரோல் குடிக்குமாம்! ஸ்டார்ட் செய்து காலை எடுத்தான் நண்பன். 'குடுகுடு'. பெரியவர் வாங்கிய கூலி, முதல் மெக்கானிக் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு. மாமி சொன்ன நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனார்.

உங்களுக்கு ஒரு வார்த்தை: வண்டி நடுத் தண்ணீரில் நின்றுவிட்டால், ரோஷத்தில் செல்ஃப் அடிக்காதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். டீசல் ஜீப் என்றால் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீரை வடியுங்கள். புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் கிடையாது. சென்சார்களும் அவற்றின் கனெக்டர்களும் ஈரமா என்று பார்க்கவேண்டும்.

யாராவது வந்ததும் வராததுமாக "மொத்தமா மாத்தணும் சார்" என்றால், ஒரு காலி கண்ணாடி பாட்டிலை நீட்டுங்கள். உண்மை அடியில் தங்கும்!