நாய்க்கும் பத்தியம் உண்டு: வணிகர் கவனத்திற்கு

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமையும் தேனும் புளியும் விற்கும் நம் கடைகளில், "நாய்க்குப் பத்து பொறை கொடுங்க" என்று கேட்டு வருவோர் உண்டு. நாமும் எடுத்துக் கொடுத்துக் காசைக் கல்லாவில் போடுகிறோம். அந்த நாய் கால்நடை மருத்துவர் சொன்ன பத்திய உணவில் இருந்தால்?

பத்தியம் நோய்க்கு நோய் மாறும். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு உப்பும் பாஸ்பரஸும் குறைய வேண்டும். உப்பு பிஸ்கட்டும் கருவாடும் ஆகா. கணைய அழற்சி கண்ட நாய்க்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. நீரிழிவு என்றால் வெல்லம், தேன் கூடாது. உணவு ஒவ்வாமையைக் கண்டறியப் பல வாரம் ஒரே உணவு கொடுப்பார்கள். இடையில் ஒரு பிஸ்கட் தின்றாலும் அத்தனையும் வீணாகலாம்.

எந்த நாய்க்கும் ஆகாதவை திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் கலந்த சூயிங்கம். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினர். அந்த அமிலம் நம் மலைப் புளியிலும் உண்டு. ஆகவே புளி மூட்டையையும் நாய்க்கு எட்டாமல் வைப்போம்.

இனி நாய்த் தீனி கேட்பவரிடம், "பத்தியம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்போம். இருந்தால், அன்றைய பத்திய உணவிலேயே ஒரு பிடி எடுத்துவைத்துத் தின்பண்டமாகக் கொடுக்கச் சொல்வோம். வேறு எதுவும் மருத்துவரைக் கேட்டே கொடுக்கட்டும். அதுவும் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பத்து ரூபாய் வியாபாரம் போகலாம், வாடிக்கை நிற்கும்.