முகத்தைப் பார்த்தால் நீலச்சிறகி

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத வருடத்தில், கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கோமுகி, மணிமுக்தா அணைகளை நிரப்பும். கள்ளக்குறிச்சிச் சீமையின் ஏரிகளும் தளும்பி நிற்கும். வாத்து பார்க்க அதுவே காலம். அறுத்த வயலில் மேய்ப்பவர்கள் ஓட்டிவரும் வளர்ப்பு வாத்துகள் வேறு. சைபீரியா வரை விரிந்த வடக்கத்திச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருவது நீலச்சிறகி. தமிழகத்துக்கு மிகுதியாக வலசை வரும் வாத்துகளில் இதுவும் ஒன்று.

புத்தகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். படத்தில் ஆணுக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெண்புருவம் இருக்கும். ஆனால் மழைக்கு முன்னும் பின்னுமாக இங்கே வந்திறங்கும் ஆண், பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பு. புது இறகு முளைத்துப் புருவம் முழுதாகத் தெரியத் தை, மாசி ஆகிவிடும். அதுவரை முகம்தான் துணை: கண் வழியாக ஓடும் கருங்கோடு, அதன்மேல் வெளிறிய புருவம், கன்னத்தில் இன்னொரு கோடு, அலகின் அடியில் வெளிர்ப் புள்ளி. கிளுவை என்னும் வாத்தின் முகத்தில் இவ்வளவு அழுத்தமான கோடுகள் கிடையாது. வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்து இதைவிட நன்றாகப் பெரியது. கறுத்த அலகின் நுனி மஞ்சள். நீலச்சிறகி அரைக் கிலோகூடத் தேறாது.

அது மேய்வதைப் பார்க்க அதிகாலையிலோ அந்தியிலோ போக வேண்டும். பகலில் பெரும்பாலும் கூட்டமாக மிதந்து ஓய்வெடுக்கும்; இரவில்தான் மேய்ச்சல். கழுத்தை நீட்டி, அலகோடு பாதித் தலையையும் அமிழ்த்தியபடி மெல்ல நீந்தும். அலகின் உள்விளிம்பில் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள் உண்டு. தண்ணீர் வடிந்துவிட, விதையும் பூச்சியும் உள்ளே தங்கும். எப்போதாவது வாலைத் தூக்கித் தலைகீழாக நிற்கும். ஆனால் முக்குளிப்பானைப் போல முங்கி இரை தேடுவது இதன் வழக்கமல்ல. கோரை விதை, புல் விதை, நீர்ச்செடித் தளிர், சிறு நத்தை எல்லாம் உணவு. குளிர்காலத்தில் விதையே பிரதானம் என்பதால் நெல் வயலிலும் இறங்கும்.

ஆக, ஆழத் தண்ணீர் இதற்குத் தூங்கத்தான் உதவும். சோறு போடுவது கழுத்து எட்டுகிற ஓரத் தண்ணீர். தூர்வாரும்போது ஏரியைச் சுற்றிலும் ஒரே ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டால் மேய இடமே இராது. வண்டல் எடுக்காதே என்று எந்த விவசாயியிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மதகையொட்டி ஆழப்படுத்திவிட்டு, உள்வாய்ப் பக்கத்துச் சரிவைக் கோரையோடு அப்படியே விட்டுவைக்கலாமே!