பயிர் காக்கும் துவக்கிற்குத் தொலைநோக்கி தெரிதல்

நாவலப்பிட்டிப் பகுதிக் கமக்காரர் கவனத்திற்கு

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வயல்கள் ஒடுங்கிய படிகளாக அமைந்திருக்கின்றன. மரக்கறி நிலங்களுக்கு மேலே தேயிலையும், அதற்கு அப்பால் மானாப்புல்லும் காடும் உள்ளன. ஆதலால் காட்டுப்பன்றி மறைவிடத்தை விட்டுப் பயிரை அடைவதற்குச் சில நிமிடங்களே போதும். பால்பிடித்த நெல்லைப் பன்றி உழக்குகிறது. மரவள்ளியையும் வற்றாளையையும் முள்ளம்பன்றி தோண்டுகிறது. போஞ்சியையும் சோளத்தையும் குரங்கு பறிக்கிறது. இத்தொல்லை நாடெங்கும் பரவியதனாலேயே, 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிட நேரம் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணும் பணி நடத்தப்பட்டது.

பயிர்க் காவலுக்கென அனுமதிபெற்ற துவக்கு வைத்திருப்போர், அதன்மேல் தொலைநோக்கி பொருத்தினால் நன்மை உண்டாகுமா என்று கேட்பதுண்டு. பணத்தைச் செலவிடுமுன் பின்வருவனவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

1. எத்துவக்கிற்குத் தேவை?

பன்னிரண்டாம் இலக்கச் சன்னத் துவக்கின் பயன்படு தூரம் ஏறக்குறைய 40 யார். அத்தூரத்திற்கு அதன் முனையிலுள்ள மணியே போதும். மேலும் அதன் உதைப்பு வலியது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று அங்குலமே தேவைப்படும் தொலைநோக்கியை அதன்மேல் வைத்தால் புருவம் பிளவுபடும். ஆதலால் சன்னத் துவக்கு வைத்திருப்போர் இச்செலவைத் தவிர்த்தல் நன்று.

காற்றுத் துவக்கிற்குத் தொலைநோக்கி உதவும். ஆனால் காற்றுத் துவக்கினால் எலி போன்ற சிறு பிராணிகளையே கொல்ல முடியும். அதனைக் கொண்டு பன்றியைச் சுடுதல் அதனைக் காயப்படுத்தி ஓடவிடுவதேயாகும். காயம்பட்ட பன்றி மறுநாள் கொழுந்து பறிப்போரைத் தாக்கக்கூடும்.

2. எண்களின் பொருள்

தொலைநோக்கியில் "4×32" என்று பொறித்திருந்தால், முதலெண் உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், அடுத்த எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கு அது 8 மில்லிமீற்றர். இருளில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் அளவே விரியும்.

"3–9×40" என்னும் வகையை ஒன்பது மடங்கில் வைத்தால் ஒளிக்கற்றை 4.4 மில்லிமீற்றராகச் சுருங்கும். அந்திவேளையில் உருவம் மங்கும். அன்றியும் ஒன்பது மடங்கில், 30 யார் தூரத்தில் ஏறத்தாழ நான்கு அடி அகலமே கண்ணிற்படும். நான்கு மடங்கிலோ ஏறத்தாழ மூன்று யார் தெரியும். மடங்கு கூடக்கூடக் கைநடுக்கமும் பெரிதாகும். நமது குறுகிய வயல்களுக்கு நான்கு மடங்கே ஏற்றது.

3. வாங்கும்பொழுது சோதிக்க வேண்டியவை

வில்லினால் இயங்கும் காற்றுத் துவக்கு முதலில் பின்னுக்கு உதைத்து, உடனே முன்னுக்கு இழுக்கும். பின்னுதைப்பை மட்டுமே தாங்குமாறு செய்த தொலைநோக்கியின் கண்ணாடிகள் இதனாற் சில நாட்களில் தளரும். ஆகவே வில் துவக்கிற்கு உரியது என்று குறிப்பிடப்பட்டதையே கேட்டு வாங்குக.

பெரிய றைபிள்களுக்கான தொலைநோக்கிகள் பெரும்பாலும் 100 யார் தூரத்திற்கு அமைக்கப்பட்டவை. அவற்றால் 25 யாரிலுள்ள பொருளைப் பார்க்கையில், கண் சற்று அசைந்தாலும் குறுக்கிழை இலக்கைவிட்டு விலகும். தொலைநோக்கியை அசையாமல் வைத்துக் கண்ணை மாத்திரம் அசைத்துப் பார்த்தால் இக்குறை வெளிப்படும். பத்து யார் முதல் தூரத்தைத் திருத்தத்தக்க வகை சிறந்தது.

நாவலப்பிட்டி மழையும் ஈரமும் மிகுந்த ஊர். உள்ளே நைதரசன் வாயு அடைத்த தொலைநோக்கியில் உட்புறம் பனிக்காது. அதனைக் குளிரான இடத்தில் சிறிது நேரம் வைத்து வெளியே எடுத்துப் பார்க்க. வெளிப்புறம் பனித்தல் இயல்பு, உட்புறம் பனித்தால் வாங்க வேண்டாம். தோலுறையில் மூடி வைத்தால் கண்ணாடியிற் பூஞ்சணம் பிடிக்கும்.

4. குறி திருத்தல்

உயர்ந்த மண்மேட்டின் முன் கடதாசியை நிறுத்தி, 25 யார் தூரத்திலிருந்து மூன்று முறை சுட்டு, குண்டுகள் பட்ட இடங்களின் நடுவை அளக்க. பெரும்பாலான தொலைநோக்கிகளில் திருகு ஒருமுறை சொடுக்கும்பொழுது 100 யாரில் கால் அங்குலம் மாறும். 25 யாரில் அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. எனவே ஓர் அங்குலம் திருத்தப் பதினாறு சொடுக்குகள் வேண்டும்.

5. உயிர்ச்சேதம் நேராமற் காத்தல்

தொலைநோக்கியின் வழியே எதனைப் பார்த்தாலும், துவக்கின் வாயும் அதனையே நோக்குகிறது. ஆகையால் அசைவது யாதென்று அறிதற்குத் துவக்குத் தொலைநோக்கியைப் பயன்படுத்தலாகாது. அந்தியில் வரம்பருகே குனிந்து மடை திறப்பவரும், பக்கத்துக் காவற்குடிலிலிருந்து வருபவரும் பன்றிபோலவே தோன்றுவர். முதலில் மின்சூள் ஒளியினாலோ, 7×50 அளவுள்ள இருகண் தொலைநோக்கியினாலோ பிராணியை முழுமையாக அடையாளங் காண்க. பின்னால் மண்திட்டு இல்லாதவிடத்தும், மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்பதன்மீதும் சுடவேண்டாம். காவலுக்குச் செல்லும் இரவுகளை அயலவர்க்கு முன்கூட்டி அறிவியுங்கள்.

6. சட்டம்

துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்திற்கும், வனவிலங்குகளைச் சுடுதல் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திற்கும் உட்பட்டவை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தொலைநோக்கி பொருத்துமுன் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரியிடமும், எப்பிராணியையேனும் சுடுமுன் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடமும் கேட்டறிந்து கொள்க.

கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும் வைத்தல் ஆகாது. அவை பன்றியையும் மனிதனையும் பகுத்தறியா. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பன்றிக் குட்டிகளை உண்டு அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கும் விலங்கு சிறுத்தையாகும். அதனை இழத்தல் கமக்காரருக்கும் நட்டமே.

7. முதலிற் செய்யவேண்டியது

துவக்கு ஒருவர் விழித்திருக்கும் நேரத்திற்கே காவல்; வேலியோ இரவு முழுதும் காவல். ஆதலால் கையிலுள்ள பணத்தை முதலில் வேலிக்கும், வயலோரப் புதர்களை வெட்டுவதற்கும், நல்ல மின்சூளுக்கும் செலவிடுக. அயல் வயற்காரர் பலர் ஒன்றுகூடி ஒரே வேலி அடைத்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். எஞ்சிய பணத்திலேயே தொலைநோக்கியைப் பற்றி எண்ணுதல் தகும். வேலி அமைத்தல் பற்றிய ஆலோசனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.