தொட்டியின் தரைக்கு மணல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலரும் அதன் அடியில் வண்ணக் கூழாங்கற்களையே பரப்புகின்றனர். பார்வைக்கு அழகுதான், ஆயினும் நம் ஓடைகளில் வாழும் அயிரைக்கு அது ஏற்றதன்று. மணலை வாயால் சலித்து இரை தேடுவதும், அச்சம் நேர்ந்தால் மணலுள் புதைவதும் அதன் இயல்பு. கூரிய கற்களில் உரசின் அதன் மெல்லிய மீசைகள் புண்படும்.

ஆதலின் கல்லை நீக்கி மணல் இடுவது நன்றே. ஆனால் ஒரே நாளில் செய்யலாகாது. வகுப்பறைத் தொட்டியொன்றில் நான் அவ்வாறு செய்தேன். கற்களை வாரிக் கொட்டி, தொட்டியைப் பளிங்குபோல் கழுவி, புது மணலும் புது நீரும் நிரப்பினேன். நான்காம் நாள் காலை ஐந்து மீன்கள் இறந்து மிதந்தன. "சுத்தமாகத்தானே வைத்தோம், ஐயா?" என்றான் ஒரு சிறுவன். அச்சுத்தமே பிழை! மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அத்துணைக் கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களின்மேல் படிந்து வாழ்வன. கல்லோடு அவற்றையும் நான் களைந்துவிட்டேன்.

வாரம் கால் பங்காக, ஒரு மூலையிலிருந்து தொடங்கி மாற்றுக. எடுத்த கற்களிற் சிலவற்றை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுக. வடிகட்டியின் பஞ்சை அந்நாட்களில் கழுவற்க, இரையையும் குறைத்திடுக. ஆற்று மணலை நீர் தெளியும்வரை அலசி, 3 சென்டிமீட்டர் உயரம் பரப்பினால் போதும். மிகுந்தால் அடியில் காற்றுப் புகாது அழுகல் வாயு உண்டாகும். கடற்கரை மணல் வேண்டா. சிப்பித் துகள் நீரைக் கடினமாக்கும். ஐயமிருப்பின் மணலில் சில துளி காடி விடுக. நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு.

மறுமுறை இவ்வாறே செய்தோம். முதல் மூலையில் மணல் இட்ட மாலையே, கண்கள் மட்டும் வெளித்தெரிய ஓர் அயிரை புதைந்து கிடந்தது. முதலில் கண்டவன் அச்சிறுவனே.