பழைய கார் வாங்குகிறீர்களா? முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாது என்றால் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும்; வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்கும் எல்லோரும் அதை உடைத்து உதிரிப்பாகமாக விற்பதில்லை. சில வண்டிகள் கழுவி, பெயின்ட் அடித்து, வெள்ளமே வராத ஊரில் விற்பனைக்கு நிற்கும். பழைய கார் வாங்கும் யாரும் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிரித்து, துடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிடலாம். வயரிங் அப்படியல்ல. கனெக்டர்களுக்குள் புகுந்த சேற்றுநீர் செம்பை மெதுவாக அரிக்கும். இன்று நன்றாக ஓடும் வண்டியில் ஆறு மாதம் கழித்து பவர் விண்டோ நிற்கும், டேஷ்போர்டில் காரணமில்லாமல் விளக்கு எரியும். ஏர்பேக்கை இயக்கும் கருவி பல கார்களில் கியர் லீவருக்கு அருகே, தரையை ஒட்டியே இருக்கிறது. அது கெட்டிருந்தால் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். அதனால்தான் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த வண்டி வேண்டாம் என்கிறேன்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பகல் வெளிச்சத்தில் போங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈரச்சாக்கு வாடை வருகிறதா? வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, சேற்றுக்கறை அங்கே கோடாக நிற்கும். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, சீட் நகரும் தடத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர் வண்டிகளின் அடிப்பாகத்தில் துரு இருப்பது சகஜம். கேபினுக்குள் சீட்டின் அடியில் இருக்கும் துருவுக்குக் கடற்காற்றைக் காரணம் சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்ப்பெட்டின் அடிப்பக்கம், ஃபியூஸ் பாக்ஸ், ஹெட்லைட்டின் உட்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். பத்து வருட வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று சேர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கண்ணில் படாததைக் காகிதம் சொல்லும். விற்பவரிடம் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வாங்கி 'நோ கிளைம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். ஓராண்டு கிளைம் இல்லையென்றால் 20 சதவீதம். ஐந்தாண்டு தொடர்ந்து இல்லையென்றால் 50. ஒரே உரிமையாளர் ஆறு வருடம் வைத்திருந்த வண்டியில் அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், பாலிசி இடையில் விட்டுப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ கிளைம் நடந்திருக்க வேண்டும். எதற்கான கிளைம் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மற்றதை உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பார்த்துக்கொள்வார். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம்.

வண்டி பிடித்துவிட்டால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் கடன் பதிவும் செலானும் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். வங்கிக் கடன் அடைபட்டிருந்தாலும், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து நீக்கும்வரை அந்தப் பதிவு நிற்கும். அதை முடித்துத் தரச் சொல்லி, பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் நேர்மையாக விற்பவரும் இதில் அவசரம் காட்டுவார். "பொறுமையா மாத்திக்கலாம்" என்று இழுத்தடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம்.